இருபத்திரண்டு ஓம்

நாரின் ஊரின் கடைசித் தெருவை நான் எட்டியபோது
மைனஸ் இருபத்தேழு.
மீட்டரை மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன்.
குளிரில் முதலில் சாவது அதன் பேட்டரிதான்.

புகார்த்தாளில் ஒரே வரி:
ஹீட்டர் போலி, கடைக்காரன் திருடன்.

எழுதிய தொல்குன்பெக் கதவைத் திறந்தான்,
தேநீர் ஊற்றினான்,
கடைக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டினான்.
தேநீரும் சூடு, திட்டும் சூடு.
அந்த அறையில் வேறெதுவும் சூடில்லை.

ஹீட்டரின் முதுகில் அச்சு:
இருநூற்றிருபது வோல்ட், இரண்டாயிரத்து இருநூறு வாட்.
சுருளோ மங்கிய செங்கல் நிறத்தில்
விழிக்கவா தூங்கவா என்று கிடந்தது.

அளந்தேன்.
அழுத்தம் நூற்றைம்பத்து நான்கு.
ஓட்டம் ஏழு.
வகுத்தால் இருபத்திரண்டு ஓம்.
பெருக்கினால் ஆயிரத்து எழுபத்தெட்டு வாட்.

"பாதிகூட இல்லை, பார்த்தாயா சைராகான்!"
வழக்கில் வென்றவன் குரல்.

பொறு என்றேன்.
புகார்த்தாளைத் திருப்பி அதன் முதுகில் எழுதினேன்:
இருநூற்றிருபதை இருபத்திரண்டால் வகு, பத்து ஆம்பியர்.
மறுபடி பெருக்கு, இரண்டாயிரத்து இருநூறு.
அச்சிட்டது அட்சரம் பிசகவில்லை.
கடைக்காரன் யோக்கியன்.

உன் சுவருக்கு வருவதுதான் பத்தில் ஏழு.
அழுத்தம் பத்தில் ஏழானால் ஓட்டமும் பத்தில் ஏழு,
ஏழேழு நாற்பத்தொன்பது.
நூறில் அவ்வளவுதான் சூடு.
இந்த வாய்ப்பாட்டில் பேரம் இல்லை.

"மிச்ச அறுபத்தாறு வோல்ட்டை யார் தின்றது?"

ஜன்னலைக் காட்டினேன்.
வேலியில் உறைபனி, கூரையில் உறைபனி,
ஜெகென் வீட்டுக் கழுதையின் மீசையில்கூட.
டிரான்ஸ்பார்மரிலிருந்து வரும் அலுமினியக் கம்பி மட்டும்
கறுப்பாய், வெற்றாய்.

தெரு இழுப்பது அறுபது ஆம்பியர்.
அந்தக் கம்பியின் தடை ஒன்று புள்ளி ஒன்று.
பெருக்கு, உன் அறுபத்தாறு.
அதையும் அறுபதால் பெருக்கு,
ஏறக்குறைய நாலாயிரம் வாட்:
இதைப் போல இரண்டு ஹீட்டர்
ஆகாயத்துக்குக் கணப்பு போடுகின்றன.

தடையை நான் குறை சொல்ல மாட்டேன்.
சுருளில் இருந்தால் அதனால்தான் குளிர்காய்கிறோம்.
வழியில் இருந்தால்
பில்லிலும் வராது, உடம்பிலும் உறைக்காது.

அவன் நம்பவில்லை.
தொப்பிகூட இல்லாமல் தெருவில் இறங்கிக் கத்தினான்:
ஒரே நிமிடம், எல்லாவற்றையும் அணையுங்கள்!

ஏன் கேட்டார்களோ தெரியாது.
ஜெகென் வீடு இருண்டது.
நூற்றறுபத்து மூன்று.
அசில்கான் வீடு.
நூற்று எழுபத்தெட்டு.
பிறகு வரிசையாக,
இருநூற்றொன்பதில் வந்து நின்றது.

சுருள் பழுத்தது.
போன வருடத் தூசி கருகும் வாசம்.
கை நீட்டினான்,
நீட்டியபடியே எதிர்வீட்டைப் பார்த்தான்.
இருட்டில் அசில்கானின் குடும்பம்
மேலங்கியோடு ஜன்னலோரம் நின்று
எங்கள் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நிமிடம் முடியவில்லை.
நாற்பது வினாடிதான் இருக்கும்.
"போடச் சொல்லு" என்றான்,
நான் சொல்வதற்குள் தானே வெளியே போனான்.

தாளை நிமிர்த்தி நிரப்பினேன்.
பழுது: இல்லை.
காரணம் என்ற கட்டம் ஒரு விரல் அகலம்.
தடித்த கம்பி வேண்டும், அறுநூற்றைம்பது மீட்டர் என்று
அதற்குள் நெருக்கி எழுதினேன்,
மூன்றாவது குளிர்காலமாக.

தெரு திரும்ப எரிந்தது.
அவன் ஹீட்டர் திரும்பச் செங்கல் நிறம்.
பழக்க தோஷத்தில் மீட்டரை மறுபடி வைத்தேன்.

நூற்றைம்பத்தாறு.

இரண்டு வோல்ட் கூட.
யாரோ எதையோ திரும்பப் போடவில்லை.
சின்னதுதான், முன்னூறு வாட் இருக்கும்.
எந்த வீடு என்று நான் தேடவில்லை.